உண்டியலின் அடியில் ஒரு துண்டு

எங்கள் ஞாயிற்றுக்கிழமை யோகா வகுப்பின் உண்டியல் உண்மையில் ஓர் எவர்சில்வர் தூக்குவாளி. பாத்திரக்கடைக்காரர் அதன் மூடியின் நடுவில் ஒரு நீளமான வாய் வெட்டிக் கொடுத்தார். நோட்டை மடித்தும் போடலாம், நாணயத்தையும் போடலாம். வாளியின் அடியில் நான்காக மடித்த பழைய ஈரிழைத் துண்டு ஒன்று கிடக்கிறது. முதல் மூன்று வாரங்கள் அந்தத் துண்டு இல்லை. நோட்டுப் போட்டவர்கள் சத்தமில்லாமல் நகர்ந்தார்கள். பத்து ரூபாய் நாணயம் போட்டவர்களை மட்டும் வாளி 'டங்' என்று கூடத்துக்கே அறிவித்தது. நான்காவது வாரம் ஒரு பெண், நாணயத்தை இரண்டு விரல்களில் பிடித்துக்கொண்டு, வாளியைச் சற்றே சாய்த்து, ஓசை எழாமல் அதை உள்ளே வழுக்கவிட முயன்றதைக் கண்டேன். முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியின் காசாளர் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவள் நான். பணம் கைமாறும்போது மனிதர்களின் முகம் என்னவாகும் என்பது எனக்குப் புதிதல்ல. அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் துண்டைத் தேடினேன்.

வகுப்பு நடப்பது மதுரையில், வைகையின் வடகரையில் உள்ள ஒரு சிறு கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடத்தில். காலை 6 மணிக்குத் தொடங்கி ஏழேகாலுக்கு முடிகிறது. மண்டபக்காரர் வாடகை வாங்குவதில்லை. மின்கட்டணத்தையும் கூட்டிப் பெருக்குகிற அம்மாவின் கூலியையும் வகுப்பை நடத்தும் நாங்கள் நால்வரும் பகிர்ந்துகொள்கிறோம், உண்டியலிலிருந்து எடுப்பதில்லை. முகூர்த்த நாள்களில் எங்களுக்கு இடம் கிடையாது, மொட்டைமாடிக்குப் போய்விடுவோம். ஊரெல்லாம் ஆடியிலும் மார்கழியிலும் நல்ல காரியம் செய்யத் தயங்க, எங்கள் வகுப்புக்கு அந்த இரண்டு மாதங்கள்தான் நற்காலம். முதல் நாள் இரவு விருந்து நடந்திருந்தால் சவாசனத்தில் படுத்திருக்கும்போது மூச்சோடு ரசத்தின் வாசனையும் உள்ளே போகும். 'மூச்சைக் கவனியுங்கள்' என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்ததுண்டு.

சேர்கிற பணம் முழுவதும் சுண்டலுக்குப் போகிறது. பள்ளி மாணவர்களுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில்தான் தொடங்கியது. ஆனால் அது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்புவரை உண்டு. அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து ஆறரைக்கு வீடு திரும்பும்வரை, ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையின் வயிற்றில் ஒன்றும் இருப்பதில்லை. எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் நாற்பது பிள்ளைகள் அப்படி இருந்தார்கள். இரண்டு கிலோ கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் வேகவைத்து, கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய் துருவிப் போட்டால் நாற்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு தொன்னை கிடைத்துவிடும். எரிவாயுவையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 ரூபாய் ஆகிறது. பள்ளி நாள்களைக் கணக்கிட்டால் மாதம் ஆறாயிரத்துச் சொச்சம். முப்பது, முப்பத்தைந்து பேர் வந்து போகிற வகுப்புக்கு இது எட்டக்கூடிய தொகை. எட்டாத மாதங்களும் உண்டு. அப்போது கடலை பட்டாணியாகிவிடும்.

இதைக் கட்டணமாகவே வாங்கிவிட்டால் என்ன என்று தொடக்கத்தில் கேட்டவர்கள் பலர். ஆளுக்கு ஐம்பது என்று வைத்தால் வேலை எளிது. கணக்கும் நேராக இருக்கும். ஆனால் ஐம்பது ரூபாய் என்று எழுதி ஒட்டியவுடன், முதுகுவலியோடு வருகிற தையற்காரரும் மூட்டுவலியோடு வருகிற பூக்கார அம்மாவும் வாசலிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். ஐந்நூறு கொடுக்கக்கூடியவரும் ஐம்பதோடு நிறுத்திக்கொள்வார். எங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்டிச் சிகிச்சை பெறுபவர்களின் வருவாயைக் கொண்டே கட்ட இயலாதவர்களுக்கும் அறுவைச் சிகிச்சை செய்து வளர்ந்தது. எந்தப் பிரிவுக்குப் போவது என்பதை நோயாளியே முடிவு செய்துகொள்ளலாம் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன அந்த மருத்துவர் ஸ்ரீ அரவிந்தரின் யோகத்தில் ஈடுபாடு கொண்டவர் என்பதும் மருத்துவமனையின் பெயர் அங்கிருந்து வந்தது என்பதும் எங்கள் வகுப்பில் பலருக்குத் தெரியாது. சொன்னபோது வியந்தார்கள்.

கொடுப்பதை எப்படி வாங்குவது என்பதில் மதுரைக்காரர்களுக்கு இரண்டு பழக்கங்கள் இருக்கின்றன, இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒன்று மொய், மற்றது உண்டியல். மொய்யில் ஊர், பெயர், தொகை மூன்றும் நோட்டில் ஏறும். காதணி விழாக்களில் இப்போது கணினி வைத்து ரசீதே அடித்துக் கொடுக்கிறார்கள். அது திரும்பச் செய்ய வேண்டிய பணம். ஆகவே பெயர் வேண்டும், அதில் தவறில்லை. உண்டியலில் போட்டது யார் என்று சாமிக்குத் தவிர யாருக்கும் தெரியாது. எங்கள் வகுப்பில் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், கொடுத்தவர் பெயர்களைக் கரும்பலகையில் எழுதினால் வசூல் கூடும் என்றார். கூடும்தான். மறுவாரமே முன்வரிசை, பின்வரிசை என்று ஜமுக்காளங்கள் பிரிந்துவிடும் என்பதும் உறுதி. விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் நிற்கும்போது தள்ளாடாமலிருக்கப் பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தச் சொல்கிறேன். அந்தப் புள்ளி பக்கத்து ஆள் போட்ட தொகையாக இருந்தால் எவரும் நிற்க முடியாது.

பெயர் வேண்டாம் என்று முடிவெடுத்தபின்னும் ஒரு விபத்து நடந்தது. சில்லறை இல்லாதவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, மளிகைக்கடை வைத்திருக்கும் ஓர் அன்பர் தம் கடையின் க்யூஆர் அட்டையையும் அதோடு வருகிற சவுண்ட் பாக்ஸையும் கொண்டுவந்து வாசல் மேசையில் வைத்தார். அன்று சவாசனம். கூடத்தில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வேலை செய்யும் வீட்டுக்கு ஏழு மணிக்குள் போக வேண்டியிருந்த ஒரு பெண் ஓசைப்படாமல் எழுந்து, ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு, வாசலில் நின்று கைப்பேசியை அழுத்தினார். உடனே பெட்டி தன் கணீர்க் குரலில் 'இருபது ரூபாய் பெறப்பட்டது' என்றது. படுத்திருந்த முப்பது தலைகளும் ஒருசேரத் திரும்பின. அவர் அப்படியே நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த வாரம் சேத்துப் போடுறேங்க்கா" என்றார். யாரும் கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. அதன்பின் இரண்டு வாரங்கள் அவர் வரவில்லை. மூன்றாவது வாரம் நானே அவர் வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தேன். பெட்டி மளிகைக்கடைக்குத் திரும்பிவிட்டது. க்யூஆர் அட்டையும் வேண்டாம் என்று வைத்துவிட்டோம், ஏனெனில் அதில் சத்தத்தை நிறுத்தினாலும் அனுப்பியவர் பெயர் நிற்கும். கடைகள் வாங்கத் தயங்குகிற பத்து ரூபாய் நாணயங்கள் எல்லாம் எங்கள் வாளிக்கு வந்து சேர்வது இதன் உபவிளைவு. செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன நாணயம்தானே என்று நானும் வாங்கிக்கொண்டு, எனக்குப் பழக்கமான வங்கிக் கவுன்டரில் கொண்டுபோய்க் கட்டிவிடுகிறேன்.

கொடுப்பவர் பெயர் மறைந்திருக்கலாம், கணக்கு மறைந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு முடிந்ததும் வாளியை ஜமுக்காளத்தின்மேல் கவிழ்த்து, நின்றிருக்கும் எவரேனும் இருவரை வைத்து எண்ணி, மொத்தத்தையும் முந்தைய வாரச் செலவையும் பலகையில் எழுதுகிறோம். இது தேவையில்லாத கெடுபிடி என்று நினைப்பவர்கள், நியூயார்க்கில் 2006இல் தொடங்கிய 'யோகா டு தி பீப்பிள்' என்ற நிறுவனத்தின் கதையைக் கேட்க வேண்டும். நிலையான கட்டணம் இல்லை, இயன்றதைக் கொடுங்கள் என்பதுதான் அதன் கவர்ச்சி. பல நகரங்களுக்குப் பரவி, 2020இல் மூடப்பட்டது. 2022இல் அதன் நிறுவனர் உள்ளிட்டோர்மீது அமெரிக்க அரசு வரி ஏய்ப்பு வழக்குத் தொடுத்தது. அங்கே வந்த நன்கொடை அறப்பணிக்கானது அல்ல, நிறுவனத்தின் வருமானம். ஆனால் 'இயன்றதைக் கொடுங்கள்' என்ற சொல் கேட்பவர் மனத்தில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் அறப்பணி வரையறையில் யோகாவையே 2015ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் சேர்த்தது. நாங்கள் பதிவு பெற்ற அறக்கட்டளை அல்ல. ஆகவே எங்களிடம் போடும் பணத்துக்கு வரிச்சலுகை எதுவும் கிடையாது என்பதையும் பலகையின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

சுண்டலுக்கு முன்னால் ஓர் இல்லத்துக்குக் கொடுத்துவந்தோம். அவர்கள் ஒவ்வொரு முறையும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தட்டை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, எங்களையும் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். தட்டில் சாதம் ஆறிக்கொண்டிருக்க, ஒரு சிறுவன் கேமராவைப் பார்க்காமல் அந்தச் சாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதங்களில் அதை நிறுத்திக்கொண்டோம். இப்போது பள்ளிக்குச் சுண்டல் பாத்திரம் போகிறது, காலியாகத் திரும்பி வருகிறது. நாங்கள் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

எட்டு அங்க யோகத்தைத் திருமந்திரத்தின் ஒரு பகுதியில் விரித்துச் சொன்ன திருமூலர்தான், உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி என்பதையும் அதே நூலில் சொன்னார். அவர் கேட்டது கைப்பிடி அளவு, அதுவும் எல்லோராலும் ஆகக்கூடியது என்று சொல்லி. நான் இதை வகுப்பில் பேசுவதில்லை. பேசினால் அதுவும் வாளியின் 'டங்' போல ஆகிவிடும். ஒன்றும் போடாமல் போகிறவர்கள் வாரத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள் என்று எண்ணுகிறேன். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாமலிருப்பது வசதியாக இருக்கிறது, புஜங்காசனத்தில் தோள்களைத் திருத்தும்போது எல்லோருக்கும் ஒரே கை போகிறது.

சென்ற ஞாயிறு எண்ணி முடித்துப் பலகையைத் துடைக்கப் போனபோது, வாளிக்குப் பின்னால் செய்தித்தாளில் பொதிந்து நூலால் கட்டிய பொட்டலம் ஒன்று இருந்தது. வாய்க்குள் நுழையாத காரணத்தால் வெளியே வைத்திருக்கிறார்கள். பிரித்தால் கொண்டைக்கடலை, சுத்தமாகப் பொறுக்கியது, ஒரு கல் இல்லை. ரூபாய்க் கணக்கில் இதை எங்கே எழுதுவது என்று நாங்கள் நால்வரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். கடைசியில் வரவுப் பக்கத்தின் அடியில், தொகைக்கான கட்டத்தை வெறுமனே விட்டு, 'கடலை, ஒரு கிலோ' என்று எழுதினேன்.