அதானாவில் ஒரு அடுப்பங்கரை

துருக்கி போயிட்டு வந்து ஒரு மாசம் ஆச்சு, பார்க்கிறவங்க எல்லாம் "பலூன்ல ஏறினியா"ன்னுதான் கேக்குறாங்க. ஏறலைங்க. நாங்க கப்படோக்கியால இருந்த ரெண்டு நாளும் காத்து ஜாஸ்தின்னு பலூனே விடல, ஆசையா தொட்டபெட்டா ஏறுற டூரிஸ்ட் வெறும் மூடுபனியை போட்டோ எடுத்துட்டு இறங்குவாங்களே, அதே கதி. அதனால இந்த போஸ்ட்ல பலூன் கிடையாது, கெபாப் மட்டும்தான்.

கெபாப்புக்குப் பேர் போன அதானாங்கிற ஊருக்குப் போயே ஆகணும்னு அடம் பிடிச்சது மச்சான். என் சம்சாரத்தோட அண்ணன், குன்னூர்ல பேக்கரி வச்சிருக்கார். "இஸ்தான்புல்லயே சந்துக்கு சந்து கெபாப் கடை இருக்கே மச்சான், இதுக்குன்னு பஸ் ஏறணுமா"ன்னு கேட்டேன். "ஏன் மாப்ள, கோயம்புத்தூர்ல ஒரு பாக்கெட் வாங்கித் தின்னுட்டு ஊட்டி வர்க்கி தின்னேன்னு ஒருத்தன் சொன்னா ஒத்துக்குவீங்களா?"ன்னார். அதுக்கு மேல என்ன பேச.

பஸ் டாரஸ் மலையைத் தாண்டி இறங்குது. மேல ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருந்தவன் கீழ வர வர ஒவ்வொண்ணா கழட்டுறேன், பர்லியார் தாண்டி மேட்டுப்பாளையம் வந்ததும் காதடைப்பு விட்டு மூஞ்சில அனல் அடிக்குமே, அப்படியே. ஊருக்கு நடுவுல செய்ஹான் ஆறு, அதுமேல ரோமர் காலத்துக் கல்பாலம், எல்லாம் பார்த்தோம், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மச்சான் கண்ணு பூரா புகை எங்கிருந்து வருதுன்னுதான்.

கரி அடுப்பைச் சுத்தி உக்காந்து சாப்பிடுற கடைக்கு அங்க ஓஜாக்பாஷின்னு பேரு. ஓஜாக்னா அடுப்பு, பாஷின்னா அதோட பக்கம், ஆக மொத்தம் நம்ம அடுப்பங்கரை. நீளமா ஒரு கரி அடுப்பு, அதுக்கு மேல செம்புத் தகட்டுல யானை சைசுக்கு ஒரு புகைக்கூண்டு, முன்னால மாஸ்டர். மாஸ்டரை உஸ்தான்னு கூப்பிடுறாங்க, நம்மூர்ல பரோட்டா மாஸ்டருக்கு இருக்கிற அதே கெத்து.

நாங்க உக்காந்தப்ப அப்பத்தான் புதுக் கரி கொட்டியிருந்தார் போல, கொழுந்துவிட்டு எரியுது. இப்ப கறியை வைப்பார், இப்ப வைப்பார்னு பார்க்கிறேன், மனுசன் வைக்கவே இல்ல. வெங்காயம் நறுக்குறார், யார்கூடயோ பேசுறார், எனக்குப் பசி காதை அடைக்குது. தீ அடங்கி கரி மேல வெள்ளையா சாம்பல் படர்ந்த பிறகுதான் கம்பியில கை வச்சார். நீறு பூத்த நெருப்புன்னு ஸ்கூல்ல வாக்கியத்தில் அமைத்து எழுதி மார்க்கெல்லாம் வாங்கியிருக்கேன், ஆனா அது சமையலுக்கான விஷயம்னு மண்டைல ஏறினது நாப்பது வயசுக்கு மேல அதானாலதான். கம்பி வலை எதுவும் கிடையாது, பட்டையா அகலமான இரும்புக் கம்பி, அடுப்போட ரெண்டு விளிம்புலயும் முட்டுக் கொடுத்து நிக்குது, நடுவுல கறி அந்தரத்துல வேகுது. கொழுப்பு உருகி ஒரு சொட்டு கரியில விழுந்தா உஸ்ஸுனு புகை வந்து திரும்ப கறியிலயே ஏறுது. நடுநடுவுல கம்பியைத் தூக்கி லவாஷ்னு ஒரு மெல்லிசு ரொட்டி மேல வச்சு அழுத்தி எடுக்கிறார், வடியுற கொழுப்பை ரொட்டி குடிச்சுக்குது. அந்த ரொட்டியை மட்டும் கொடுத்திருந்தாலே நான் காசு கொடுத்துட்டு வந்திருப்பேன்.

அதானா கெபாப்ல என்னென்ன போடுறாங்கன்னு கேட்டா ஏமாந்துடுவீங்க. செம்மறிக் கறி, அதோட வால் கொழுப்பு, செவப்பு மிளகாய், உப்பு, அவ்வளவுதான். இஞ்சி பூண்டு கிடையாது, கரம் மசாலா கிடையாது. அங்கத்த செம்மறிக்கு வாலே ஒரு கொழுப்பு மூட்டை மாதிரி தொங்குது. கறியை மிஷின்ல அரைக்கக் கூடாது, ஸிர்ஹ்னு பிறை மாதிரி வளைஞ்ச பெரிய கத்தி, அதை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி கையாலதான் கொத்தணும். அதாவது கொத்துக்கறி! இதுக்கெல்லாம் சேர்த்து 2005லயே புவிசார் குறியீடு வாங்கி வச்சிருக்காங்க. இதைச் சொன்னதும் மச்சான் மூஞ்சியைப் பார்க்கணுமே, ஊட்டி வர்க்கிக்கும் அந்தக் குறியீடு கிடைச்சிருக்கில்ல, ஏதோ சம்பந்தி வீட்டுக்கு வந்த மாதிரி நிமிர்ந்து உக்காந்துட்டார்.

ஆர்டர் பண்ணாமலே டேபிள் நிறைய தட்டு வந்துச்சு, நாங்க பயந்துட்டோம், பில்லு எகிறப் போகுதுன்னு. காசு இல்லையாம். சுமாக் தூவின வெங்காயம் (ஒரு புளிப்புக் காயைக் காயவச்சு இடிச்ச செவப்புத் தூள்), பொடிப்பொடியா நறுக்கின தக்காளி மிளகாய்ச் சட்னி மாதிரி ஒண்ணு, மாதுளைச் சாறு ஊத்தின சுட்ட வெங்காயம், எலுமிச்சை, கீரைக்கட்டு மாதிரி பார்ஸ்லி. குடிக்க அய்ரான், உப்புப் போட்ட கெட்டி மோர்தான். நான் மோர் வேண்டாம், வித்தியாசமா ஏதாவதுன்னு சொல்லி ஷல்கம் வாங்கினேன், கத்தரிப்பூ கலர்ல ஒரு கிளாஸ் வந்துச்சு. ஒரு வாய் குடிச்சதும் நீராகாரத்துல ஊறுகாய் கரைச்ச மாதிரி ஒரு புளிப்பு, உப்பு, ஓரமா காரம். ஷல்கம்னா டர்னிப் கிழங்கு, ஆனா அது பேருதான், உள்ள முக்கால்வாசி ஊதா கேரட்டாம், உப்புத் தண்ணியில போட்டு நாள்கணக்கா புளிக்க வைக்கிறாங்க. கேத்தி பாலாடால கேரட் போடுற வீட்டுக்காரன் நான், கேரட்டை அல்வா பண்ணுவோம், பொரியல் பண்ணுவோம், விலை இல்லாதப்ப மாட்டுக்குப் போடுவோம், குடிச்சதில்ல. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "கிலோ என்ன விலைக்கு எடுக்கிறானாம்?"னார்.

மறுநாள் காலையில டிபனுக்கே ஈரல் கெபாப், அந்த ஊர்ல அது வழக்கமாம், அதைப் பத்தி எழுதினா இது முடியாது.

சரி, வீட்டுல செஞ்சு பார்த்த கதை. முதல் தடவை படு கேவலம். வெள்ளாட்டுக் கறியை கடையிலயே மிஷின்ல அரைச்சு வாங்கினேன், கொழுப்பே இல்ல, கம்பி வேற உருண்டைக் கம்பி, திருப்பினா கம்பிதான் சுத்துது கறி சுத்தல. அப்புறம் ஒவ்வொரு துண்டா பொத்து பொத்துனு நெருப்புல விழுந்துச்சு. "ஏங்க, இதுக்குத்தான் பிளேன் ஏறிப் போனீங்களா"ன்னு சம்சாரம் கேட்டா, மச்சான் மேல பழியைப் போட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை ரெண்டாவது தடவை. வெல்டிங் பட்டறையில சொல்லி விரல் அகலத்துக்குப் பட்டைக் கம்பி எட்டு அடிச்சு வாங்கியாச்சு. பாய் கடையில செம்மறி சொல்லி வச்சு, "கத்தியால கொத்திக் கொடுங்க பாய், கொழுப்பைக் கழிக்காதீங்க, இன்னும் போடுங்க"ன்னதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், எல்லாரும் கொழுப்பை எடுங்கன்னுதான் கேப்பாங்க. பிசைஞ்சு ராத்திரி முழுக்க பிரிட்ஜ்ல வச்சேன். கரிக்கு அப்பா சீகை விறகை எரிச்சு கங்கு எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை சாம்பல் படருற வரைக்கும் யாரையும் கிட்ட விடல, மச்சான் மட்டும் ரெண்டு தரம் கையை நீட்டினார், தட்டி விட்டேன். எட்டுக் கம்பியில ஆறு நின்னுச்சு. மிளகாய் நம்ம மிளகாய், காரம் கூடுதல், வால் கொழுப்போட வாசனை வரவே இல்ல, ஆனா கொழுப்பு உருகி விழுந்து அந்தப் புகை எழும்புச்சு பாருங்க, மச்சான் கண்ணை மூடிக்கிட்டு "உஸ்தா"ன்னார்.

சாப்பிட்டு முடிக்கும்போது மிஸ்ட் இறங்கிடுச்சு, நல்ல குளிர். சட்டியோட கங்கை ஹாலுக்குள்ள எடுத்துட்டுப் போலாமா, கதகதப்பா இருக்கும்னு சின்னவன் கேட்டான். அப்பா போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் குரைச்சுச்சு. நியாயம்தான், கரியில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்ல புகையும் இல்ல, கதவைச் சாத்திட்டு கங்கை வச்சுத் தூங்கினவங்க காலையில எந்திரிக்காம போனது கொடைக்கானல்லயே நடந்திருக்கு. அந்த அதானா கடையில அவ்வளவு பெரிய செம்புக் கூண்டு சும்மா அழகுக்கு இல்ல. ரூம் எடுத்து பார்பிக்யூ போடுறவங்க தயவுசெஞ்சு வெளியவே வச்சுட்டு வந்துடுங்க.

கங்கு வாசல்லயே இருந்துச்சு. அப்பா உள்ள போய் ஒரு முறம் பொடி உருளைக்கிழங்கு கொண்டுவந்து சாம்பலுக்குள்ள ஒவ்வொண்ணா புதைச்சுட்டு, போர்வையைப் போத்திக்கிட்டு உக்காந்தார். ஒரு மணி நேரம் கழிச்சு தோலை உரிச்சு, மிச்சம் இருந்த சுமாக்கைத் தொட்டு ஒரு கடி கடிச்சுட்டு, "இது எதுக்கு, உப்பைக் கொண்டாடா"ன்னார்.