ஐக்யூ சங்கத்துக்கு ஆள் எடுப்பது: தேர்வுக் கூடத்திலிருந்து சில நடைமுறைக் குறிப்புகள்

உயர் ஐக்யூ சங்கத்தில் சேர விரும்பி எழுதுகிறவர்களில் பலர் ஏதோ ஓர் இணையத் தேர்வில் 145, 150 என்று வாங்கிய எண்ணோடு வருவார்கள். அதை வைத்துச் சேர்க்க முடியாது என்று பக்குவமாகச் சொல்வதுதான் ஆள் சேர்ப்பவருக்கு முதல் வேலை. எழுதியது யார், எவ்வளவு நேரம் எடுத்தார், எத்தனையாவது முறை எழுதினார் என்று எதுவுமே தெரியாத மதிப்பெண் அது.

எண்ணைக் கேட்பதை விட்டுவிட்டு, எந்தத் தேர்வு, எத்தனையாவது சதமானம் (நூற்றில் எத்தனை பேரைவிட மேலே இருக்கிறார்) என்று கேட்டுப் பழக வேண்டும். 1946இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய உயர் ஐக்யூ சங்கமான மென்சாவின் எல்லை 98ஆவது சதமானம், அதாவது மக்களில் மேல் 2 சதவீதம். இன்டர்டெல் என்ற இன்னொரு சங்கம் மேல் 1 சதவீதத்தைக் கேட்கிறது. ட்ரிபிள் நைன் சொசைட்டி ஆயிரத்தில் ஒருவரை. திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 15 உள்ள வெக்ஸ்லர் தேர்வில் 130 வாங்கியவரும், 24 உள்ள கேட்டல் (Cattell) அளவுகோலில் 148 வாங்கியவரும் நிற்பது ஒரே படியில். அறிவிப்பில் வெறுமே 148 என்று போட்டால், வெக்ஸ்லரில் தகுதியுள்ள 132காரர் ஒதுங்கிப் போவார். வெறுமே 130 என்று போட்டால், கேட்டல் அளவுகோலில் 140 வாங்கியவர் நம்பிக்கையோடு வந்து ஏமாறுவார். சதமானத்தைப் போடுங்கள்.

உளவியலாளர் முன்னால் ஏற்கெனவே தேர்வு எழுதியவர்கள் அந்த அறிக்கையைத் தரலாம். தேர்வின் பெயர், பதிப்பு, எழுதிய தேதி, முழு அளவு மதிப்பெண், சதமானம், உளவியலாளரின் கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். பதிப்பை ஏன் கேட்கிறோம் என்று பலருக்குப் புரிவதில்லை. தலைமுறைக்குத் தலைமுறை சராசரி மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி என்பது ஃப்ளின் விளைவின் பரவலான கணக்கு. இருபது ஆண்டுப் பழைய நியம அட்டவணையை (ஒப்பிடுவதற்காக ஒரு மாதிரிக் குழுவை எழுதவைத்துத் தயாரித்த அட்டவணையை) வைத்துத் திருத்தினால் 124 இருப்பவர்கூட 130 ஆகிவிடுவார்.

இனி தேர்வு நாள். மொழி தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டுமென்றால் சொற்களில்லாத வடிவத் தேர்வுதான் வசதி. அப்படிப்பட்ட ரேவன் உயர்நிலைத் தேர்வில் பழகிக்கொள்ள 12 கேள்விகள். பிறகு 36 கேள்விகள், வழக்கமாக 40 நிமிடம். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். எட்டு விடைகளில் ஒன்றைத் தேர வேண்டும். பழகும் பகுதியை அவசரமாக முடிக்காதீர்கள். கேள்வியின் அமைப்பே பிடிபடாமல் ஒருவர் உள்ளே போனால், அவருடைய முதல் ஐந்து நிமிடம் போயே போய்விடும்.

கூடத்தில் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது விடைத்தாள்தான். 17ஆவது கேள்வி கடினமாக இருக்கிறது என்று தாண்டி 18க்குப் போவார். விடையை மட்டும் 17க்கு நேரே குறித்துவிடுவார். அங்கிருந்து கடைசிவரை எல்லாமே ஒரு வரி மேலே. 30க்கு மேல் வாங்கியிருக்க வேண்டியவர் 18இல் நின்றுவிடுவார். "ஒரு கேள்வியைத் தாண்டினால் அதன் வரியையும் தாண்டுங்கள்" என்று கடிகாரத்தை ஓடவிடும் முன்பே எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம். நேரம் ஓடும்போது ஒருவர் அருகில் குனிந்து சொன்னால் அது அவருக்கு மட்டும் செய்த உதவி ஆகிவிடும். திருத்தும்போது வரிசை நழுவியது பளிச்சென்று தெரிந்தாலும் மதிப்பெண்ணைச் சரிக்கட்டக் கூடாது. குறிப்பு எழுதி வைத்து, வேறொரு தேர்வுக்கு அழைக்கலாம்.

அறிவுறுத்தலை அச்சில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். நல்லெண்ணத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்தால், நியமம் எடுத்தபோது எழுதியவர்களுக்குக் கிடைக்காத ஒன்றைக் கொடுத்தவர்களாகிறோம். ஸ்டாப்வாட்ச் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டுப் பையை முன்வரிசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வினாப் புத்தகங்களுக்கு எண் இட்டு, கடைசிப் புத்தகம் கைக்கு வந்து எண்ணி முடித்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். ஒரே ஒரு பக்கம் படமாக வெளியே போனாலும் அந்தத் தேர்வைத் திரும்ப நம்ப முடியாது. படிக்கும் கண்ணாடி கொண்டுவர வேண்டும் என்பதை அழைப்பிலேயே எழுதுங்கள். இந்த ஒன்றை மறந்து வந்து தவிப்பவர்கள் உண்டு.

எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பவர்களிடம் நேர்மையாகப் பேச வேண்டும். நம்பகக் கெழு (மதிப்பெண் எவ்வளவு நிலையானது என்ற அளவு; உச்சம் 1) 0.95 உள்ள நல்ல தேர்விலும், திட்ட விலக்கம் 15 என்றால், அளவீட்டுப் பிழை சுமார் 3.4 புள்ளி. 129க்கும் 131க்கும் இடையே அறிவில் வித்தியாசம் இருக்கிறது என்று எந்தத் தேர்வும் நிரூபிக்காது. ஆனாலும் கோடு கோடுதான். ஒருவருக்குத் தளர்த்தினால் அடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது? அதனால் இடம் கிடைக்காதவருக்கு எழுதும் கடிதத்தில் "தோல்வி" என்ற சொல்லே வரக் கூடாது. இந்தத் தேர்வில் இந்த எல்லையை எட்டவில்லை என்பதையும், மறுமுறை எப்போது எந்தத் தேர்வு எழுதலாம் என்பதையும் மட்டும் சொல்ல வேண்டும். அதே தேர்வை உடனே மறுபடி கொடுத்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும். கடிதம் அவர் கைக்கு மட்டுமே போக வேண்டும். கூட வந்த பெற்றோரோ நண்பரோ கேட்டாலும், எழுதியவர் வயது வந்தவரென்றால் வாய் திறக்கக் கூடாது.

எல்லையைத் தாண்டியும் சேராமல் போகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு வேண்டியது "நான் தேறுவேனா" என்ற கேள்விக்குப் பதில். அது கிடைத்ததும் ஆர்வம் வடிந்துவிடுகிறது. முடிவு வரத் தாமதமாக ஆக இது கூடும். ஆகவே தேறியவர் கடிதத்திலேயே அடுத்த கூட்டத்தின் தேதி, இடம், அங்கே வாசலில் அவரை வரவேற்கப் போகும் உறுப்பினரின் பெயர் மூன்றும் இருக்கட்டும்.