ஆறு சிட்டிங், 21,000 ரூபாய்: கோச்சிடம் போன கதை

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் 11 வருடமாக மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். பையர் அனுப்பும் டெக் பேக்கை (டிசைன், அளவு விவரத் தொகுப்பு) பிரிப்பதில் ஆரம்பித்து, லேப் டிப் (சாய நிற மாதிரி), ஃபிட் சாம்பிள் (அளவு மாதிரி), பிபி சாம்பிள் (தயாரிப்புக்கு முந்தைய மாதிரி) என்று ஒவ்வொன்றுக்கும் அப்ரூவல் வாங்கி, கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பும்வரை எங்கே எது நின்றாலும் போன் எனக்குத்தான் வரும்.

2025 ஆகஸ்டு 27-ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதம் ஆனது. என் கையில் இருந்த இரண்டு பையர்களுமே அமெரிக்கா. ஒருவர் ஆர்டரை நிறுத்தி வைத்தார், இன்னொருவர் தள்ளுபடி கேட்டார். மதியச் சாப்பாட்டை மதியமே சாப்பிடும் அளவுக்கு வேலை குறைந்துபோனது. அந்த ஓய்வுதான் பயத்தைக் கொண்டுவந்தது. இந்த வேலை போனால் எனக்கு வேறென்ன தெரியும்?

பயத்தில் முதலில் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு. நுழைவுக்கு 999 ரூபாய், ஏசி ஹால், காது கிழியும் பாட்டு. வெற்று செக் ஒன்றைக் கொடுத்து, அதில் ஒரு கோடி என்று எழுதிக் கண்ணை மூடச் சொன்னார்கள். நானும் எழுதினேன். மாலையில் 45,000 ரூபாய் கோர்ஸில் சேர ‘இன்று மட்டும்’ சலுகை. வண்டி ஸ்டாண்டுக்கு வந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தினமும் பையரிடம் பேரம் பேசுகிறவளிடமே இதை ஓட்டிப் பார்க்கிறார்கள்!

பழைய கல்லூரித் தோழி ஒருத்தி, வேலை, வாழ்க்கைக் குழப்பங்களுக்கு கோச்சிங் செய்யும், கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு கோச்சின் நம்பரைத் தந்தாள். இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் கிடையாது, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் சான்று இருக்கிறதா என்று விசாரித்தேன். அதில் மூன்று படிகள்: ஏசிசிக்குக் குறைந்தது 100 மணி நேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும், பிசிசிக்கு 500, எம்சிசிக்கு 2,500. இவர் பிசிசி. ஒரு மணி நேரத்துக்கு 3,500 ரூபாய், ஆறு சிட்டிங்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர், “யோசனை சொல்றதுக்கா 3,500? எங்கம்மா ஓசியிலேயே சொல்லுமே” என்றார். மாமியார் பக்கத்தில்தான் இருந்தார். அவரும் மறுக்கவில்லை.

முதல் நாள் அந்தக் கோச் அம்மா கேட்ட முதல் கேள்வி: “இந்த ஒரு மணி நேரம் முடியும்போது உங்களுக்கு எது தெளிவாகியிருந்தா நல்லதுன்னு நினைக்கிறீங்க?” எனக்கு எரிச்சல். அது தெரிந்தால் நான் ஏன் கோயம்புத்தூர் வரைக்கும் வருகிறேன்? நாற்பது நிமிடம் புலம்பினேன். அவர் யோசனையே சொல்லவில்லை. கோச் என்றால் வழி சொல்கிறவர் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். வழி சொல்ல, அதே தொழிலில் பழுத்த ஒருவரைத்தான் பிடிக்க வேண்டுமாம். மனசு சரியில்லை, தூக்கமே இல்லை என்றால் மனநல ஆலோசகரிடம் போக வேண்டுமாம். அதை அவரே முதல் நாளே பிரித்துச் சொல்லிவிட்டார். அந்த நேர்மை பிடித்ததால்தான் இரண்டாவது தடவை போனேன்.

அப்போது ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். இரண்டு வாரம், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எழுத வேண்டும். ஒவ்வொரு ஸ்டைலுக்கும் டி அண்ட் ஏ ஷீட் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற அட்டவணை) போடுகிறவள், எனக்கென்று ஒன்று போட்டதே இல்லை. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 58 மணி நேரம். அதில் 19 மணி நேரம் சாயப்பட்டறையையும் பிரிண்டிங்கையும் போனில் துரத்துவது. அது புரொடக்‌ஷன் ஃபாலோ-அப் பையனின் வேலை. எனக்கு ரொம்பப் பிடித்த காஸ்டிங் வேலைக்கு வெறும் மூன்று மணி நேரம். நூல் விலை, நிட்டிங், சாயம், வேஸ்டேஜ் என்று அடுக்கி ஒரு டீ ஷர்ட்டுக்கு விலை போடும்போதுதான் எனக்கு நேரம் போவது தெரியாது. “சாயப்பட்டறையை நீங்க துரத்தணும்னு யார் சொன்னது?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது சிட்டிங்கில் வேலை போய்விடும் என்ற பேச்சை மறுபடி எடுத்தேன். “போனா எத்தனை மாசம் தாங்கும்?” என்றார். பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டிக்கு, அப்போதைய கணக்குப்படி, கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டியிருந்தது. எனக்கு 24,000 ரூபாய், 11 வருடம். 1,52,307 ரூபாய் வந்தது. வீட்டுச் செலவு மாதம் 38,000, ஆக நாலு மாதம். பிஎஃப் தனி, அதைத் தொடுவதாக இல்லை. நாலு மாதம் என்பது பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

நாலாவது சிட்டிங்தான் கஷ்டம். முதலாளியிடம் என்ன கேட்கப் போகிறேன் என்று பேசி ஒத்திகை பார்த்தோம், கோச்தான் முதலாளி வேஷம். “சார், கோவிச்சுக்காதீங்க…” என்று ஆரம்பித்தேன். நிறுத்தச் சொன்னார். மறுபடி, “சார், தப்பா நினைச்சுக்காதீங்க…” நாலு தடவையும் மன்னிப்பிலேயே ஆரம்பித்திருக்கிறேன். என் காதில் அது விழவே இல்லை. ஐந்தாவது தடவை, “சார், எனக்கு காஸ்டிங் வேணும்” என்று வாயில் வந்தபோது கை வேர்த்திருந்தது.

நிஜத்தில் பேசியது தீபாவளி முடிந்து. 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து அங்கிருந்து விசாரணை வர ஆரம்பித்திருந்தது, அதற்கெல்லாம் புதிதாக விலை போட ஆள் வேண்டும். அதைச் சொல்லித்தான் கேட்டேன். முதலாளி சிரித்தார். “ஏம்மா, அப்ப சாயப்பட்டறைக்காரங்கள யார் கேக்கறது?” எனக்கு வாய் வரை ‘நானே பாத்துக்கறேன் சார்’ வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அந்த ஃபாலோ-அப் பையன் பெயரைச் சொன்னேன். மூன்று வாரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு திங்கட்கிழமை பிரிட்டன் ஃபைல்கள் என் மேஜைக்கு வந்தன. சம்பளம் ஏறவில்லை. ஏப்ரலில் பார்க்கலாம் என்றார். அதை மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டேன். இதை எந்தக் கோச்சும் சொல்லித் தரவில்லை, பையர்களிடம் பட்டுக் கற்றது.

ஐந்தாவது சிட்டிங் சுமார்தான், பாதி நேரம் வீட்டுக் கதை. ஆறாவதை 25 நிமிடத்திலேயே முடித்துக்கொண்டோம். ஆறு மணிக்குள் ஒரு கொட்டேஷன் போக வேண்டியிருந்தது.

சாயப்பட்டறைக்காரர் இப்போதும் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுகிறார். “அக்கா, ஷேடு கொஞ்சம் தூக்கலா இருக்குது, நீங்களே சொல்லிருங்களேன்.” பையன் நம்பரைக் கொடுக்கிறேன். சில நாள் கை சும்மா இருக்காமல், “போட்டோ அனுப்புங்க” என்றும் சொல்லிவிடுகிறேன்.