50 குதிரையும் க்ரேப்வைன் ஏத்தமும்

நாலு வருஷம் முன்னாடி ஒரு ஆகஸ்ட் மத்தியானம். கலிஃபோர்னியால ஐ-5 ரோட்ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போகும்போது வர்ற க்ரேப்வைன் ஏத்தத்துல எங்க வண்டி செகண்ட் கியர்ல மணிக்கு 28 மைல்ல ஊர்ந்துகிட்டு இருந்துச்சு. பக்கத்து லேன்ல தக்காளி லாரி ஒண்ணு, முழு லோடு, எங்களைத் தாண்டிப் போகுது. போகும்போது ஹார்ன் வேற. பக்கத்து சீட்ல ஊர்ல இருந்து வந்திருந்த அப்பா. அடிவாரத்துல இருந்து வாயே தொறக்காம வந்தவர் அப்பதான் கேட்டார், "எறங்கித் தள்ளட்டுமாடா?"

அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன், இந்த வண்டிக்கு ஏதாவது பண்ணியே ஆகணும்னு.

வண்டி 1971 ஃபோக்ஸ்வாகன் பஸ், வெஸ்ட்ஃபாலியா கேம்பர். உள்ள மடக்கு கட்டில், சின்ன சிங்க், மேல தூக்குற கூரை எல்லாம் உண்டு. இன்ஜின் பின்னாடி, காத்துல குளிர்றது, ரேடியேட்டரே கிடையாது. க்ரேப்வைன் ஏத்தத்துல வழி நெடுக ரேடியேட்டர் தண்ணி இங்க கிடைக்கும்னு போர்டு வச்சிருப்பாங்க, அதைப் பாத்து அப்பா "நிறுத்துடா, தண்ணி ஊத்திட்டுப் போலாம்"னு சொல்ல, "எங்க ஊத்தறது, நாமதான் குடிக்கணும்"னு சொன்னேன். அவர் தாராபுரத்துல ஒரு மில்லுக்கு மெட்டடோர் வேன் ஓட்டினவர், டீசல் வண்டி, முன்னாடி இன்ஜின், ரேடியேட்டர். அவருக்கு இந்த வண்டி மேல கொஞ்சம் இளக்காரம்தான். ஆனா ஒரு விஷயம் சொன்னா நம்பவே மாட்டேங்கிறார், 1949ல ஜெர்மனில வந்த முதல் டெம்போ மெட்டடோர் ஓடினதே இதே ஃபோக்ஸ்வாகன் இன்ஜின்லதான். ரெண்டு மூணு வருஷத்துல ஃபோக்ஸ்வாகன்காரங்க இன்ஜின் குடுக்கறதை நிறுத்திட்டாங்க, அப்புறம்தான் டெம்போக்காரங்க வேற இன்ஜினுக்குப் போனாங்க. அந்தப் பேர்தான் பின்னாடி பஜாஜ் டெம்போ வழியா நம்ம ஊருக்கு வந்து சேந்துச்சு. சரி அதை விடுங்க.

1971 பஸ்ல இருக்கறது 1600 இன்ஜின், சரியாச் சொன்னா 1584 சிசி. ஜெர்மன் கணக்குல 50 குதிரை, அதாவது ஹார்ஸ்பவர். வண்டி, நாங்க நாலு பேர், தண்ணி, கேஸ், அரிசி மூட்டை எல்லாம் சேத்து 1700 கிலோ வரும்னு வச்சுக்குங்க. 6 சதவீத ஏத்தத்துல 45 மைல்ல போகணும்னா சக்கரத்துக்குப் போய்ச் சேர வேண்டியதே 40 குதிரைக்கு மேல. உச்சியில டெஹோன் பாஸ் 4,144 அடி, மேல போகப் போக காத்து மெலிசாகும், 1000 அடிக்கு 3 சதவீதம் பவர் போயிடும். கியர்பாக்ஸ் ஒரு பங்கு தின்னுடும். ஆக புத்தம்புது 1600 கூட அந்த ஏத்தத்துல தம் கட்டித்தான் ஏறும், என்னோடது 50 வருஷம் அடி வாங்கினது.

நான் முதல்ல நினைச்சது எல்லாரும் நினைக்கிறதுதான், பெரிய இன்ஜின் தூக்கி வச்சா முடிஞ்சுது. ரிட்டயர் ஆன ஒரு கிழவர், வீட்டு கராஜ்ல இந்த ஏர்கூல்டு வண்டி மட்டும் பாக்கறவர், அவர்கிட்ட கொண்டு போனேன். மனுஷன் இன்ஜினை ஸ்டார்ட் கூட பண்ணச் சொல்லல. பின் கதவைத் தூக்கினார், டார்ச் அடிச்சார், இன்ஜினைச் சுத்தி விரலை ஓட்டினார். ஒரு இடத்துல விரல் அப்படியே கீழ போய் ரோடு தெரிஞ்சுது. "உனக்கு இன்ஜின் வேணாம், முதல்ல இந்த ஓட்டையை அடை"ன்னார்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லணும், ஏன்னா இந்த வண்டியோட மொத்த சூட்சுமமும் இங்கதான் இருக்கு. இன்ஜினோட மேல் பாதி ஒரு ரூம் மாதிரி இடத்துக்குள்ள, கீழ் பாதி வெளியில. நடுவுல தகரம், சுத்தி ரப்பர் சீல். வண்டியோட ரெண்டு பக்கமும் காது மாதிரி இருக்கற துவாரம் வழியா குளிர்ந்த காத்து மேல் ரூமுக்குள்ள வரும், ஃபேன் அதை இழுத்து சிலிண்டர் மேல அடிக்கும், சூடான காத்து கீழ தள்ளப்படும். சீல் இல்லேன்னா கீழ போன அனல் காத்தையே ஃபேன் மறுபடி மேல இழுக்கும். பாத்ரூம்ல கதவைச் சாத்திட்டு வெந்நீர் ஆவியிலேயே மூச்சு விடற மாதிரி. எனக்கு முன்னாடி யாரோ ஒரு ஒர்க்‌ஷாப்ல இன்ஜினை இறக்கி ஏத்தினப்போ சீலையும் போடல, ஒரு தகரத்தையும் மாட்டாம விட்டுட்டாங்க, மிச்சமான ஸ்க்ரூவை மட்டும் ஒரு கவர்ல போட்டு டேஷ்போர்டுல வச்சிருந்தாங்க. நான் வண்டி வாங்கினப்ப "ஆஹா, ஸ்பேர் ஸ்க்ரூ எல்லாம் குடுத்திருக்காங்க"ன்னு சந்தோஷப்பட்டேன்.

அடுத்தது டிஸ்ட்ரிபியூட்டர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க்கைப் பிரிச்சு அனுப்பற பாகம். வாக்யூம் அட்வான்ஸ் (இன்ஜின் காத்தை உறிஞ்சற அளவைப் பாத்து ஸ்பார்க் நேரத்தை மாத்தறது) இருந்த ஒரிஜினலைக் கழட்டிட்டு வெறும் வெயிட்ல வேலை செய்யற டைப்பை மாட்டி வச்சிருந்தாங்க, விலை கம்மின்னு நிறைய பேர் பண்ற வேலை. அது இன்ஜின் ஸ்பீடை மட்டும் பாத்து டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழற நேரத்தை, முன்ன பின்ன நகர்த்தும், நீங்க ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிச்சிருக்கீங்கன்னு அதுக்குத் தெரியாது, அதனாலதான் சிக்னல்ல எடுக்கும்போது வண்டி ஒரு விக்கல் விக்கி அப்புறம் கிளம்பும். அதை மாத்தி, டைமிங் லைட் வச்சு 3500 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 3500 சுத்து) 30 டிகிரிக்கு செட் பண்ணோம். டேப்பெட் பாத்தோம், வால்வுக்கு விடற இடைவெளி 0.15 மில்லிமீட்டர் இருக்கணும், ரெண்டு எக்ஸாஸ்ட் வால்வுல அளக்கற கேஜ் உள்ளயே நுழையல. வால்வு சரியா மூடாம பவர் பூரா சைலன்சர் வழியாப் போயிருக்கு.

இவ்வளவும் பண்ணதுக்கு ஒரு வீக்கெண்டும், சொன்னா சிரிப்பீங்க, ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டுக் காசும்தான் ஆச்சு. அதே ஏத்தத்துல செகண்ட்ல இருந்து தர்டுக்கு மாத்த முடிஞ்சுது. 38 மைல் வரை புடிச்சுது. ஒரு குதிரை கூட புதுசா வாங்கல, ஓடிப்போனதைத்தான் புடிச்சுட்டு வந்தோம்.

ஆனா ஆசை யாரை விட்டுச்சு. அடுத்த வருஷம் கிராங்க் கேஸ்ல (இன்ஜினோட அடிக்கூட்டுல) ஆயில் லீக், எப்படியும் இன்ஜினை இறக்கணும், இறக்கினதுதான் இறக்கினோம் பெருசு பண்ணிடலாம்னு இறங்கிட்டேன். வீட்டம்மாகிட்ட சொன்ன கணக்கு வேற, நிஜக் கணக்கு வேற, இந்த போஸ்ட்டை அவங்க படிக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கைதான்.

இங்க ரெண்டு வழி. 87 மில்லிமீட்டர் சிலிண்டர் செட் வாங்கினா எதையும் கடையாம அப்படியே சொருகலாம், 1641 சிசி ஆகும். ஆனா சுவர் மெலிசு, சூட்டுல கோணும், கனமான பஸ்ஸுக்கு அது வேணவே வேணாம்னு கிழவர் ஒரே புடியா நின்னார். இன்னொண்ணு 90.5 மில்லிமீட்டர், 1776 சிசி, கிராங்க் கேஸையும் ஹெட்டையும் (சிலிண்டரோட மூடி) மெஷின்ல குடுத்து வாயைப் பெருசு பண்ணணும். செலவு அதிகம், ஆனா கல்லு மாதிரி நிக்கும். அதான் போட்டோம். வால்வைத் திறந்து மூடற கேம் ஷாஃப்ட் மைல்டானது, கம்ப்ரஷன் விகிதம் 8க்குக் கீழ, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வெபர் கார்புரேட்டர். ரேஸ் கேம் போட்டா 5000 ஆர்பிஎம்லதான் பவர் வரும், மலையேத்தத்துல நமக்கு வேண்டியது 3000ல இழுவை. ஒரிஜினல்ல ஆயில் ஃபில்டரே கிடையாது, ஒரு வலை மட்டும்தான், ஆயிலும் வெறும் 2.5 லிட்டர், அதனால தனியா ஒரு ஃபில்டரும் சேத்தோம். எல்லாம் முடிஞ்சப்போ 70 குதிரை இருக்கும்னு கிழவர் கணக்கு, நான் டைனோல (பவர் அளக்கற மெஷின்) ஏத்திப் பாக்கல.

சுபாரு இன்ஜின் போடலாமேன்னு நிறைய பேர் கேட்டாங்க. போடலாம், அடுத்து வந்த வேனகன் வண்டிங்கள்ல நிறைய பேர் போட்டு நல்லாத்தான் ஓட்டறாங்க. ஆனா அந்தத் தண்ணிப் பைப்பு, முன்னாடி ரேடியேட்டர்னு வண்டியை அறுக்க எனக்கு மனசு வரல. கலிஃபோர்னியாக்காரங்களுக்கு இன்னொரு விஷயம், 1975 வரைக்கும் வந்த பெட்ரோல் வண்டிக்கு ஸ்மாக் செக் (புகைப் பரிசோதனை) கிடையாது, 1976ல இருந்து உண்டு. அந்த வண்டிங்கள்ல இன்ஜின் மாத்தினா ஸ்மாக் ரெஃப்ரி (இந்த மாதிரி வண்டிங்களைப் பாத்து முடிவு சொல்றவர்) கிட்ட காட்டி ஒப்புதல் வாங்கணும். வாங்கறதுக்கு முன்னாடி வருஷத்தைப் பாத்துக்குங்க.

இப்ப நான் சண்டை போடற மேட்டருக்கு வர்றேன். ஃப்ரீவேல 60 மைல்ல போனா இந்த பஸ் 3500 ஆர்பிஎம்ல கத்தும். காது வலிக்கும். உடனே எல்லாரும் சொல்றது, டாப் கியரை உயரமாப் போடு, ஆர்பிஎம் இறங்கும், இன்ஜின் ஜாலியா ஓடும்னு. தண்ணி இன்ஜினுக்கு அது சரி. இங்க ஃபேன் கிராங்க் புல்லியில இருந்து பெல்ட்ல சுத்துது. ஆர்பிஎம் குறைஞ்சா ஃபேனும் குறையும், ஆனா காத்தைக் கிழிச்சுட்டுப் போக வேண்டிய வேலை அப்படியேதான் இருக்கு, அதே பவரை கம்மி ஆர்பிஎம்ல எடுக்க இன்னும் அழுத்தி மிதிப்பீங்க. வேலை அதே வேலை, விசிறி மட்டும் கம்மி. ஹெட் வெந்துடும். பெரிய 2 லிட்டர் இன்ஜின் இருக்கா, உயரமான கியர் போடுங்க. 1600, 1776ல கத்தட்டும் விடுங்க, கத்தறதுதான் அதுக்கு மூச்சு.

அதனாலதான் என் டேஷ்போர்டுல நான் ஸ்பீடாமீட்டரை விட அதிகமாப் பாக்கறது ஹெட் டெம்பரேச்சர் மீட்டரை. மூணாவது சிலிண்டர் ஸ்பார்க் ப்ளக் அடியில வாஷர் மாதிரி ஒரு சென்சார். 400 ஃபாரன்ஹீட் வரை நிம்மதி, தாண்டினா கால் தானா மேல வந்துடும், 425ன்னா ஒரு கியர் இறக்கி ஸ்பீடைக் குறைச்சு இன்ஜினை வேகமாச் சுத்த விடுவேன். டிரிப் எவ்வளவு நேரம் ஆகும்னு முடிவு பண்றது அந்த முள்ளுதான்.

சமவெளியில ஸ்பீடுக்கு எதிரி எடை இல்ல, காத்து. முன்பக்கம் பாத்தா ரொட்டி பாக்கெட்டைத் தூக்கி நிறுத்தின மாதிரி வண்டி. ஸ்பீடு 60ல இருந்து 70க்குப் போனா காத்துக்கு மட்டும் வேண்டிய பவர் ஒன்றரை மடங்குக்கும் மேல ஏறும். மேல கேரியர்ல கட்டியிருந்த ரெண்டு நாற்காலியையும் டப்பாவையும் உள்ள எடுத்து வச்சேன், 3 மைல் கூடுச்சு. 3 மைல்! அதுக்காக பணம் செலவு பண்ணவங்களை எனக்குத் தெரியும். இப்ப 65ல நாள் பூரா போகும். 70 லிமிட் இருக்கற ஐ-5ல லாரிக்கு லிமிட் 55தான், அதனால வலது லேன்ல நாமதான் ராஜா. 75 வேணும்னா வேற வண்டி பாருங்க, பக்கத்துல பெரிய லாரி போனாலே ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் புடிக்கணும், 1971ல இருந்து முன்னாடி டிஸ்க் பிரேக் வந்துடுச்சுன்னாலும் அந்த ஸ்பீடுல நிறுத்தறது சாமி புண்ணியம்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா பண்ணுங்க, பவர் ஏத்தறதுக்கு முன்னாடி பெட்ரோல் ஹோஸ் மொத்தத்தையும் மாத்துங்க. இந்த பஸ்ஸுங்க ரோட்டோரமா எரியறதுக்கு ஒரு பெரிய காரணம் வெடிச்ச பழைய ஹோஸ்தான். என்னோடதை வளைச்சுப் பாத்தப்போ முறுக்கு மாதிரி ஒடிஞ்சுது. சீட்டுக்குப் பின்னாடி தீயணைப்பு சிலிண்டர் ஒண்ணு வச்சிருக்கேன்.

போன மாசம் மறுபடி க்ரேப்வைன். அதே வெயில், அதே சுமை, அப்பா மட்டும் இல்ல. தர்ட் கியர்ல 45, முள்ளு 380ல நின்னுச்சு. ஒரு தக்காளி லாரியைத் தாண்டினேன், ஹார்ன் அடிச்சேன், சின்னப் புத்திதான். உச்சியில நிறுத்தி ஊருக்கு ஃபோன் போட்டேன், அங்க விடியக்காலை.

"எந்த கியர்டா?"

"தர்டுப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"டாப்ல ஏறாதா?"