நெசத் தோலா, தம்பி?

தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மைய வளாகத்தில் கைவினைச் சந்தை போட்டால் சனம் முதலில் எங்கே போகும் என்று கடை போடுகிற எல்லாருக்கும் தெரியும். தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, சுவாமிமலைச் சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. சொந்த ஊர்ச் சாமான் என்ற உரிமையோடு அவற்றை எடுத்துப் பார்ப்பார்கள். என் கடையில் இருப்பது பர்ஸ், பெல்ட், தோள்பை, நோட்டு உறை. எல்லாம் கையால் தைத்தவை. இங்கே வந்ததும் ஒன்றை எடுத்துப் புரட்டி, மோந்து பார்த்து, "நெசத் தோலா, தம்பி?" என்பார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். டெல்டாக் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கிறது. துணி மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசிய பைகள் ஈரத்திலும் சூட்டிலும் மெல்லச் சிதைந்து, மேல்பூச்சு செதில் செதிலாக உரியும். தோல் என்று சொல்லி விற்ற பை அப்படி உரிந்து போனதைக் கொண்டுவந்து காட்டியவர்கள் உண்டு. நெசத் தோலா என்று அறியத் தீக்குச்சி கொளுத்திப் பார்க்க வேண்டியதில்லை. வெட்டிய ஓரத்தைக் காட்டினால் நார் நாராகத் தெரியும். மேல்பூச்சு இல்லாத துண்டுத் தோல் ஒன்று எப்போதும் மேசையில் கிடக்கும்; ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு அந்த இடம் கறுக்கும். பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை.

நான் அதிகம் பயன்படுத்துவது ஈ.ஐ. தோல், அதாவது கிழக்கிந்தியத் தோல். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கமெல்லாம் பதனிட்டு வந்த தோல் இது. புவிசார் குறியீடும் பெற்றது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்தார்கள், பிறகு வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்தது. கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டு எடுப்பார்கள். வெயில் பட்டுத் தோல் சிவந்து போகாமல் இருக்க அதுதான் காவல். கடுக்காய் என்றதும் வயதானவர்கள் முகம் மலர்ந்துவிடும். வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிற பொருளாயிற்றே.

ஒருமுறை திருவாரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "தோலு தோலுன்னுதானே தம்பி பாலாறு போச்சு?" காவிரித் தண்ணீரை நம்பி நாற்று விடுகிறவர் இப்படிக் கேட்டால் மழுப்பக் கூடாது. பாலாற்றங்கரையில் கழிவைவிட்ட தோல் ஆலைகளைப் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதையும், கெடுத்தவர்தான் பணம் கட்டிச் சரிசெய்ய வேண்டும் என்று அதில் இருப்பதையும் சொன்னேன். உலகத்தில் பெரும்பாலான தோல் குரோம் என்ற உலோகத்தின் உப்பில் பதனிடப்படுகிறது, என்னுடையது பட்டையில் பதனிட்டது என்றும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் அவர் திருப்தியாகப் போயிருப்பார். ஆனால் பட்டைத் தோலிலும் மாசே இல்லை என்று சொல்ல முடியாது. உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். பதனிடும் முன் அந்த உப்பைக் கழுவியாக வேண்டும். கழுவிய தண்ணீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் எந்த நிலமும் தாங்காது. இதையும் கேட்டுவிட்டு, "அப்ப ஒரு பெல்ட்டு இருபது வருசம் உழைக்கணும்" என்றார். அந்தக் கணக்குத்தான் என் கணக்கும். ஆறு கொடுத்த விலைக்கு ஈடாக ஒரு பொருள் நெடுநாள் உழைக்கவில்லை என்றால் அதைத் தைத்து என்ன பயன்?

விலை அங்கேதான் வருகிறது. நடைபாதையில் இருநூறு ரூபாய்க்குப் பர்ஸ் கிடைக்கும்போது என் பர்ஸ் தொள்ளாயிரம். வாயால் விளக்கினால் யாரும் நிற்பதில்லை, உட்கார்ந்து தைத்தால் நிற்கிறார்கள். ஒரே மெழுகு நூலின் இரண்டு முனையிலும் ஊசி. இரண்டும் ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராகப் புகுந்து வரும். மெஷின் தையலில் மேல்நூலும் அடிநூலும் கொக்கி போட்டுப் பிடித்திருக்கும். ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரியும். கைத்தையலில் ஓரிடம் அறுந்தாலும் மற்றது நிற்கும். தையற்கடை வைத்திருக்கிற அக்கா ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, பேரம் பேசாமல் வாங்கிப் போனார்.

கும்பகோணத்துப் பெரியவர் வெற்றிலைப் பை கேட்டதும் இங்கே சொல்ல வேண்டியது. பட்டையில் பதனிட்ட தோலில் ஈரத்தோடு இரும்பு பட்டால் மைபோலக் கறை பிடிக்கும். பாக்குவெட்டி, ஈர வெற்றிலை இரண்டும் ஒன்றாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சுண்ணாம்பும் தோலுக்கு ஆகாது. உள்ளே பருத்தித் துணி கொடுத்து, பாக்குவெட்டிக்குத் தனி உறை தைத்து, சுண்ணாம்பு டப்பாவை வெளியே தொங்கவிட்டுக் கொடுத்தேன். இப்போது அந்தப் பைதான் அதிகம் விற்கிறது.

மனசு வலிக்கிற விஷயம் ஒன்றும் உண்டு. தோல் என்று தெரிந்ததும் கையை இழுத்துக்கொள்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். "யார் தைக்கிறது? நீங்களேவா?" என்ற கேள்விக்குப் பின்னால் என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதே ஆள் மாலையில் மேடை முன்னால் உட்கார்ந்து மிருதங்கத்துக்குத் தலையாட்டுவார். அந்த மிருதங்கத்தில் பலாக்கட்டைக்கு மேல் இருப்பது மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும். இழுத்துக் கட்டிய வார் எருமைத் தோல். வாசிக்கிறவர் பெயர் ஊருக்கே தெரியும். தோலைத் தட்டித் தட்டிப் பார்த்து, எது நாதம் கொடுக்கும் என்று விரலால் அறிகிறவர் பெயர் பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரியாது. இந்த ஊரின் சங்கீதத்தில் பாதி தோல்காரர் கையில் பிறந்தது என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. சிலைக்கும் வீணைக்கும் கொடுக்கிற இடத்தைத் தோல் வேலைக்கும் கொடுக்க வேண்டும்.

அறுவடை முடிந்து கையில் காசு புழங்குகிற தை மாதச் சந்தைக்கு, தெரிந்த மிருதங்கம் செய்கிற அண்ணன் ஒருவரை அழைத்திருக்கிறேன். பக்கத்துக் கடையில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கத் தோல் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். பலகையில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதப் பெயிண்டரிடம் சொல்லியாயிற்று.