முதல் வேலைக்கான விண்ணப்பம் எந்த இடத்தில் நிற்கிறது?

"போட்டுக்கிட்டே இருக்கேன், ஒரு போன் கூட வரல" என்கிறார் ஒருவர். "மூணாவது ரவுண்டு வரைக்கும் போய்ட்டு நின்னுடுது" என்கிறார் இன்னொருவர். இரண்டும் வேறு வேறு சிக்கல்கள், மருந்தும் வேறு. பொறியியல், பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்துவிட்டுச் சென்னையிலும் கோவையிலும் முதல் வேலை தேடும் பலர் இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பதில் வராதபோது இன்னும் ஐம்பது இடத்துக்கு அதே ரெஸ்யூமை அனுப்புகிறார்கள்.

முதலில் ஒரு எக்செல் தாள் போடுங்கள். தேதி, நிறுவனம், பணி, எந்த ரெஸ்யூம் அனுப்பினீர்கள், எதுவரை போனது என்று ஐந்து பத்திகள் போதும். கடைசிப் பத்தியில் நான்கில் ஒன்றுதான் வரும்: அழைப்பே இல்லை, ஆன்லைன் தேர்வில் போனது, டெக்னிக்கலில் போனது, ஹெச்ஆருக்குப் பிறகு சத்தமில்லை. முப்பது வரிகள் சேர்ந்தால் எந்த இடத்தில் அடைப்பு என்று தானாகத் தெரிந்துவிடும். அதை மட்டும் சரிசெய்யுங்கள்.

அழைப்பே வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது தகுதி வடிகட்டி. பல பெரிய நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. தேர்ச்சி பெற்ற ஆண்டையும் குறிப்பிட்டிருப்பார்கள். நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பார்கள். இந்தக் கட்டங்களில் ஒன்று பொருந்தாவிட்டால் மனிதர் யாரும் உங்கள் விண்ணப்பத்தைத் திறக்கப்போவதில்லை. பன்னிரண்டில் 58 வைத்திருப்பவர் அங்கே திரும்பத் திரும்பப் போடுவது வீண். தயவுசெய்து 60 என்று மாற்றி எழுதாதீர்கள். சேர்ந்த பிறகும் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்ப்பார்கள், அப்போது வேலையும் போகும். சதவீதம் கேட்காத சிறு நிறுவனங்கள், ஸ்டார்ட்அப்கள், டெஸ்டிங், சப்போர்ட் பணிகள் பக்கம் அந்த நேரத்தைச் செலவிடலாம். சிஜிபிஏவை (பட்டத்தின் சராசரி மதிப்பெண் புள்ளி) சதவீதமாக மாற்ற உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் சூத்திரத்தை மட்டும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு எண் இருந்தால் பின்னால் சிக்கல்.

அடுத்தது ரெஸ்யூம். இரண்டு பத்தியாகப் பிரித்து, ஐகான், நட்சத்திர மதிப்பீடு எல்லாம் வைத்த அழகான டெம்ப்ளேட்டுகள்தான் இங்கே பெரிய எதிரி. விண்ணப்பங்களைப் படிக்கும் மென்பொருள் இடது பத்தியையும் வலது பத்தியையும் கலந்து படித்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்வுசெய்து, நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை குழம்பி வந்தால் இயந்திரத்துக்கும் அப்படித்தான் தெரியும். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் ரெஸ்யூம் வெறும் படம். ஒரே பத்தி, ஒரே பக்கம் போதும். போன் எண்ணைப் பக்கத்தின் ஹெட்டர் பகுதிக்குள் வைக்காமல் உடல் பகுதியிலேயே எழுதுங்கள், சில மென்பொருள்கள் ஹெட்டரைப் படிப்பதில்லை. அப்பா பெயர், திருமண நிலை, கீழே 'டிக்ளரேஷன்' இதெல்லாம் கல்லூரி டெம்ப்ளேட்டிலிருந்து இன்னும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. எடுத்துவிடுங்கள்.

அந்த இடத்தை ப்ராஜெக்டுக்குக் கொடுங்கள். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய முக அடையாள வருகைப் பதிவேடு ஆயிரம் ரெஸ்யூம்களில் இருக்கிறது. நேர்காணல் செய்பவருக்கு அது பார்த்ததும் தெரியும், இரண்டு கேள்வியில் உடைந்துவிடும். அதைவிட, நீங்களே எழுதிய சின்னதொரு விஷயம் மேல். பக்கத்துக் கடையின் கடன் கணக்கு வைக்கும் ஒரு ஆப் ஆனாலும் சரி. எந்தத் தரவு, எந்த டேபிள், எங்கே பிழை வந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்று சொல்ல முடிய வேண்டும். நிரலைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தின் லிங்க் உண்மையிலேயே திறக்கிறதா என்று வேறொரு போனில் பாருங்கள்.

நௌக்ரி போன்ற வேலை தேடும் தளங்களில் பலருக்குப் புரியாத ஒன்று: ஹெச்ஆர் வந்த விண்ணப்பங்களைப் படிப்பதைவிட, சொற்களைப் போட்டுத் தேடுவதுதான் அதிகம். 'வேலை தேடும் ஃப்ரெஷர்' என்ற தலைப்பை யாரும் தேட மாட்டார்கள். 'ஜாவா, ஸ்ப்ரிங் பூட், எஸ்க்யூஎல், 2024 பாஸ் அவுட்' என்றிருந்தால் தேடலில் வருவீர்கள். சமீபத்தில் புதுப்பித்த ப்ரொஃபைல்களை வடிகட்டிப் பார்க்கும் வசதியும் அவர்களுக்கு உண்டு, அதனால் வாரம் இரண்டு முறை காலையில் ஒரு வரியையாவது மாற்றிச் சேமியுங்கள். திருநெல்வேலி முகவரி மட்டும் இருந்தால் சென்னைத் தேடலில் சிக்க மாட்டீர்கள், விரும்பும் ஊரில் சென்னையைச் சேர்க்க வேண்டும். அறிவிப்பு வந்த முதல் இரண்டு நாளுக்குள் போடுங்கள். சீனியரிடம் ரெஃபரல் (அவர் நிறுவனத்தில் உங்களைப் பரிந்துரைப்பது) கேட்கும்போது "அண்ணா, ஏதாச்சும் வேகன்ஸி இருக்கா?" என்று கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் நிறுவனத் தளத்தில் நீங்களே பணியைத் தேடி, அதன் ஐடியையும் ரெஸ்யூமையும் சேர்த்து அனுப்பினால் அவருக்கு இரண்டு நிமிட வேலை.

ஸ்பாம் பெட்டியைத் தினமும் பாருங்கள். தேர்வு லிங்க் ஓரிரு நாளில் காலாவதியாகிவிடும். இப்படிப் போன வாய்ப்புகள் ஏராளம்.

ஆன்லைன் தேர்வில் நிற்கிறீர்கள் என்றால் காரணம் பெரும்பாலும் பகுதிவாரி கட்-ஆஃப், அதாவது ஒவ்வொரு பகுதியிலும் எடுக்க வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண். கணக்கில் எவ்வளவு வாங்கினாலும் ஆங்கிலப் பகுதியில் குறைந்தால் மொத்தமும் போகும். தமிழ்வழியில் படித்தவர்கள் இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள், அதைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொண்டு மனம் உடைகிறார்கள். அது பயிற்சி சார்ந்த விஷயம்தான். தினமும் ஒரு ஆங்கிலப் பத்தியைக் கடிகாரம் வைத்துப் படித்துக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். கணக்கில் சதவீதம், விகிதம், வேலையும் நேரமும், வேகமும் தூரமும், எண் தொடர் இவற்றை முதலில் முடியுங்கள். தேர்வின்போது வேறு டேப் திறந்தால் கணினி குறித்துக்கொள்ளும். மின்வெட்டுக்குச் சார்ஜ், இணையத்துக்கு மொபைல் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும்.

டெக்னிக்கலில் ஃப்ரெஷரிடம் கேட்பது அடிப்படைதான்: எஸ்க்யூஎல் ஜாயின், இரண்டாவது அதிகச் சம்பளத்தை எடுக்கும் குவெரி, ஒரு சொல்லில் திரும்பி வரும் எழுத்துகளைக் கண்டுபிடிக்கும் நிரல். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தரக் கட்டுப்பாட்டுப் பணிக்குப் போகும் மெக்கானிக்கல் மாணவர்களிடம் வெர்னியரைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்வார்கள். வழக்கமான வெர்னியரின் மீச்சிற்றளவு (அதால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ., மைக்ரோமீட்டருக்கு 0.01 மி.மீ. இதில் தடுமாறினால் மற்ற பதில்கள் எடுபடாது. டிராயிங் வாசிப்பதும், லிமிட்ஸ் அண்டு ஃபிட்ஸும் (பாகங்களின் அளவில் அனுமதிக்கும் வித்தியாசமும் அவை பொருந்தும் விதமும்) கட்டாயம்.

இடைவெளி நீள்கிறது என்றால் தேசிய அப்ரண்டிஸ் திட்டத்தை (நாட்ஸ்) ஒதுக்காதீர்கள். 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டத்தின்கீழ் வருவது இது. தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. நெய்வேலி என்எல்சி, திருச்சி பெல், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இந்த வழியில் ஆள் எடுக்கின்றன. 2019 விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 என்று நிர்ணயித்தன. ஓராண்டு முடிந்ததும் சான்றிதழ் கிடைக்கும், வேலைக்கு உத்தரவாதம் இல்லை. ஓராண்டு பணி அனுபவம் உள்ளவர்கள் இதில் சேர முடியாது என்பதால் நேரம் பார்த்து முடிவெடுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துவிடுங்கள். மாவட்ட அலுவலகங்களில் நடக்கும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கு ரெஸ்யூம் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.

சோர்ந்திருக்கும் நேரத்தில்தான் மோசடிக்காரர்கள் வருவார்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் விலகிவிடுங்கள். தேர்வே இல்லாமல் 'பேக்டோர்' வழியாக வேலை என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் இதே ரகம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பார்கள். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கின் யுஏஎன் எண்ணில் உள்ள பதிவில் நீங்கள் எங்கே, எப்போது வேலை செய்தீர்கள் என்பது தெரிந்துவிடும். சரிபார்ப்பில் சிக்கினால் அந்த நிறுவனத்தின் கதவு நிரந்தரமாக மூடும்.

ஆஃபர் வந்ததும் சிடிசியை (நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு) பன்னிரண்டால் வகுத்து மகிழ்ந்துவிடாதீர்கள். 2.4 லட்சம் என்றால் மாதம் 20,000. அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்தால், நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 1,200, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 481, இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பங்கு 3.25 சதவீதம் எல்லாம் அந்த 20,000க்குள்ளேயே அடங்கும். உங்கள் பங்கு பிஎஃப், இஎஸ்ஐயும் கழிந்தால் கைக்கு வருவது சுமார் 16,400. தொழில்வரி தனி. சென்னையில் அறை வாடகையும் மெஸ் செலவும் இதற்குள் வருமா என்று கணக்குப் போட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டும் ஒப்பந்தம்) இருந்தால் எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு, எந்த நாளிலிருந்து கணக்கு என்பது எழுத்தில் வேண்டும். பாண்ட் செல்லவே செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மூன்றாண்டு, 2 லட்ச ரூபாய் பாண்டைச் செல்லும் என்று சொல்லியிருக்கிறது. அசல் சான்றிதழைக் காட்டிச் சரிபார்த்துவிட்டு அன்றே திரும்ப வாங்குங்கள், தொகை எழுதாத காசோலை எதிலும் கையெழுத்திடாதீர்கள். 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' (வேலை தர விருப்பம் தெரிவிக்கும் கடிதம்) மட்டும் வந்திருந்தால் அது இன்னும் வேலை அல்ல. சேரும் தேதி பல மாதம் தள்ளிப்போவது நடப்பதுதான், ஆகவே முதல் நாள் உள்ளே போகும் வரை மற்ற தேர்வுகளையும் நேர்காணல்களையும் தொடருங்கள்.