ரெஜ்ஜி புஷ் ட்ராஃபி விவகாரம்
2005ல அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்லயே பெரிய அவார்டான ஹைஸ்மன் ட்ராஃபிய வாங்குனவரு ரெஜ்ஜி புஷ், யுஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி) பிளேயர். இவருக்கு ஏஜென்ட் ஆகணும்னு பின்னாடியே சுத்துனவங்க அவர் குடும்பத்துக்கு சான் டியேகோ பக்கம் வாடகை வாங்காம வீடு குடுத்தாங்க, அது ரூல் படி தப்புன்னு 2010ல என்சிஏஏ (அமெரிக்க காலேஜ் விளையாட்ட நிர்வகிக்கிற அமைப்பு) முடிவு பண்ணி, டீம் ஜெயிச்ச 14 மேட்ச்சையே ரெக்கார்டுல இருந்து தூக்கிட்டாங்க, இவரும் ட்ராஃபிய விட்டுக்கொடுத்தாரு.

அந்த டீமோட கோச் பீட் கேரல்? தண்டனை வர்றதுக்கு சில மாசம் முன்னாடியே என்எஃப்எல் (காசு வாங்கி ஆடுற ப்ரொஃபஷனல் லீக்) பக்கம் போயிட்டாரு, அங்க ஃபைனலான சூப்பர் பௌலே ஜெயிச்சாரு 😀 அப்போ டிக்கெட் காசு டிவி காசு எல்லாம் காலேஜுக்கு, அடிபட்டு ஆடுனவனுக்கு ஸ்காலர்ஷிப் மட்டும், என்னய்யா நியாயம் அது?

2021லயே பிளேயருங்க விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு ரூல் மாறிடுச்சு, ஆனா ட்ராஃபிய 2024 ஏப்ரல்லதான் திருப்பிக் குடுத்தாங்க. அப்பவும் அந்த 14 மேட்ச் திரும்ப வரல.